இரண்டு கதவா, நான்கு கதவா?

கார் வாங்கப் போகிற வீட்டில் புருஷர்கள் என்ஜினைப் பற்றித்தான் பேசுவார்கள். பின் ஸீட்டில் யார், எப்படி ஏறி உட்காருவது என்று அவர்கள் கேட்டு நான் பார்த்ததில்லை. சகோதரிகளே, நீங்கள் பார்த்திருந்தால் எழுதித் தெரிவியுங்கள்!

இரும்புலியூரில் எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில் சென்ற வாரம் இதே விஷயமாகப் பெரிய வாக்குவாதம். மாமனாரிடம் இரண்டு கதவு 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' ஒன்று இருக்கிறது. மருமகளோ ஹூண்டாய் 'எக்ஸ்டர்' வேண்டும் என்கிறாள். "அப்பா, பழசை விற்றுவிடலாமே" என்று மகன் வாயைத் திறந்தான். அன்று ராத்திரி பெரியவர் சாப்பிடவில்லை.

அவர் வருத்தம் நியாயந்தான். அந்த வண்டி பிறந்ததே பக்கத்துப் பெருங்களத்தூரில் அல்லவா? இத்தாலியரான மிக்கலாட்டி உருவம் வரைந்து, 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்த 'டிரையம்ப் ஹெரால்டு'தான் அதற்கு மூலம். அங்கே 'கூப்பே' என்ற ஒய்யார வண்டியும் உண்டு. நமக்கு 1961-ல் கிடைத்தது இரண்டு கதவு சலூன். தொழிற்சாலை 1988-ல் மூடப்பட்டது. வண்டி மட்டும் இன்னும் ஓடுகிறது. முன் மூடி, மட்கார்டுகளோடு சேர்ந்து அப்படியே முன்புறம் கவிழ்ந்து திறக்கும். பெரியவர் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜினைச் சரி பார்ப்பார்! 25 அடி வட்டத்துக்குள் திரும்பியும் விடும். புது வண்டிக்கு அந்த வித்தை வராது.

ஆனால் டேப் பிடித்து அளந்தால் ஒரு வேடிக்கை. ஊரை அடைக்கிற மாதிரித் தோன்றும் எக்ஸ்டர், ஹெரால்டை விட நீளத்தில் ஏழு சென்டிமீட்டர் குறைவு! உயரம்தான் ஏறக்குறைய ஓர் அடி அதிகம். அந்த ஓர் அடியில்தான் விஷயமே இருக்கிறது. முழங்கால் வலிக்காரரான மாமியார் ஹெரால்டின் பின்னால் உட்கார வேண்டுமானால், முன் ஸீட்டை மடக்கி, புடவையைத் தூக்கிப் பிடித்து, குனிந்து, நுழைந்து... இறங்குவது அதைவிடக் கஷ்டம். எக்ஸ்டரில் நாற்காலியில் உட்காருவது போல் உட்காரலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பைபாஸும் ஜி.எஸ்.டி. சாலையும் கூடுகிற இடத்தில், லாரிகளுக்கு நடுவே, பேத்தி தினம் பள்ளிக்கூடம் போகிறாள். எக்ஸ்டரில் 6 ஏர்பேக்குகள். எல்லா ஸீட்டுக்கும் தோளோடு பிடிக்கிற பெல்ட். ஹெரால்டில் ஏர்பேக் ஏது? போதாததற்கு, வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் அதன் பின் சக்கரங்கள் உள்பக்கம் மடியப் பார்க்கும். அந்த அச்சின் அமைப்பு அப்படி. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை: குழந்தைக்குப் புது வண்டிதான்.

அதற்காகப் பழசை விற்பானேன்? ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டால் போதும். 2021-ல் வந்த விதிப்படி, 50 வயது கடந்த வண்டியை 'வின்டேஜ்' என்று தனியாகப் பதியலாம். கௌரவந்தான்; ஆனால் அன்றாட சவாரிக்கு எடுக்க முடியாது. பெரியவரை அதில் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் மாமியாரையே கேட்டேன். அதுவரை யாரும் கேட்கவில்லையாம்!

"ஆஸ்பத்திரிக்குப் புதுசு. ஞாயிற்றுக்கிழமை அவரோடு வண்டலூர் வரை பழசு," என்றார் அந்த அம்மாள். "ஆனால் நான் முன் ஸீட்டில்தான் உட்காருவேன்."