தடுத்த பின்னும் ஆட்டம் உண்டு

காலபோக அறுவடை முடிந்ததும் வன்னிக் கிராமங்களில் உதைபந்தாட்டம் களைகட்டிவிடும். பந்தை உதைக்க அறிந்தோர் பலர். உதை தடுக்கப்பட்டபின் யாது செய்யலாம் என்னும் விதியை அறிந்தோர் சிலரே. இவ்வாரம் அதனைச் சிறிது சிந்திப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் முல்லைத்தீவுப் பகுதியில் இரு கிராமங்கள் மோதிய இறுதிப் போட்டியொன்றைக் காணச் சென்றிருந்தோம். இரு பக்கத்தாரும் ஒவ்வொரு கோல் போட்டிருந்தனர். ஆட்டம் முடியும் தறுவாயில் ஓர் அணிக்குத் தண்ட உதை கிடைத்தது. இளைஞன் ஓங்கி உதைத்தான். கோல்காப்பாளன் பாய்ந்து தடுத்தான். அவன் அணியினர் கைகளை உயர்த்தி ஆரவாரித்து நின்றனர். பந்தோ உதைத்தவன் காலடிக்கே திரும்பியது. மறுபடியும் உதைத்தான், கோல்! மத்தியஸ்தரும் அதனை ஏற்றார்.

"ஒருவனே இருமுறை உதைக்கலாமோ?" என்று கூட்டம் மைதானத்துள் புகுந்தது. மத்தியஸ்தராக நின்ற இளம் ஆசிரியர் விளக்க முயன்றார், கேட்பாரில்லை. ஆட்டம் அத்துடன் நின்றது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் அவ்விரு ஊராரும் ஒன்றாக விளையாடவில்லை.

ஆசிரியரின் தீர்ப்பே சரியானது. ஆட்ட நேரத்தில் தண்ட உதையைக் கோல்காப்பாளர் தடுத்து, பந்து மைதானத்துள் திரும்பினால் எவரும் அதனை உதைக்கலாம். முதலில் உதைத்தவருக்கும் அவ்வுரிமை உண்டு. பந்து கம்பத்தில் மாத்திரம் பட்டுத் திரும்பினாலோ, வேறொருவர் தொடும்வரை அவர் அதனைத் தொடலாகாது. வெற்றி தோல்வியைத் தீர்மானிக்க இறுதியில் உதைக்கப்படும் தண்ட உதைகளிலோ உதைத்தவருக்கு இரண்டாம் வாய்ப்பில்லை.

அங்கும் பந்து ஓயும்வரை உதை முடிந்ததாகாது. 2010ஆம் ஆண்டு மொறோக்கோ நாட்டுக் கிண்ணப் போட்டியொன்றில் காலிட் அஸ்கிரி என்னும் கோல்காப்பாளர் அத்தகைய உதையொன்றைத் தடுத்துவிட்டு, மகிழ்ச்சி மிகுதியால் அப்பால் நடந்தார். சுழன்றுகொண்டிருந்த பந்து மெல்ல உருண்டு கோலினுள் புகுந்தது!

அமெரிக்கர் முட்டை வடிவப் பந்துடன் ஆடும் ஆட்டம் நமதினும் வேறானது. எனினும் அங்கும் இதே பாடந்தான். 1993 நவம்பர் 25ஆம் திகதி டல்லஸ் அணி மயாமியை 14-13 என்று முந்தி நின்றது. சில விநாடிகளே எஞ்சியிருந்தன. மயாமியின் உதையை டல்லஸ் வீரர் தடுத்தனர். தடுக்கப்பட்ட பந்து ஆட்டக் கோட்டைத் தாண்டி டல்லஸ் பக்கத்தில் உருண்டது. டல்லஸ் அணியினர் அதனைத் தொடாதிருந்தாலே வெற்றி அவர்களுக்குத்தான். தொட்டால் எவரும் கைப்பற்றலாம் என்பது விதி. லியொன் லெற் என்னும் டல்லஸ் வீரர் ஓடிச்சென்று, பனியிற் சறுக்கிப் பந்தைத் தொட்டுவிட்டார். மயாமி அதனைக் கைப்பற்றி மீண்டும் உதைத்து 16-14 என வென்றது.

அனுபவம் மிக்க வீரருக்கே மறதி நேருமாயின், நம் கிராமத்து இளைஞரை நோவதெங்ஙனம்?

மூன்றாம் ஆண்டு ஊர்ப் பெரியோர் சிலர் முயன்று அவ்விரு அணிகளையும் மீண்டும் களமிறக்கினர். ஆட்டம் தொடங்குமுன் அதே ஆசிரியர் இரு அணியினரையும் புல்தரையில் அமர்த்தித் தண்ட உதை விதிகளை வாசித்துக் காட்டினார். பத்து நிமிடங்கூட ஆகவில்லை. அன்று ஆட்டம் முற்றாக நடந்து முடிந்தது. தோற்றவர் வென்றவரின் கையைப் பற்றிக் குலுக்கினர்.

மாணவ நண்பர்களே, அடுத்த போட்டிக்கு முன் நீங்களும் அந்தப் பத்து நிமிடங்களைச் செலவிடுங்கள்.