ஒரு சைக்கிள் போதும்



சைக்கிள் கடைக்குள் நுழைந்தால் இன்றைக்கு முதல் கேள்வியே, "எதுக்கு ஓட்டப் போறீங்க?" என்பதுதான். வேகமாகப் போக ரோடு பைக், கரடுமுரடான பாதைக்கு எம்டிபி, ஊருக்குள் சுற்ற ஹைப்ரிட் என்று வரிசையாக எடுத்துக் காட்டுகிறார்கள். எல்லாமே அழகுதான். ஆனால் காலையில் உடற்பயிற்சிக்கும், பத்து மணிக்கு வேலைக்கும், சாயங்காலம் காய்கறி வாங்கவும் போகிறவர் ஒரே ஆள்தானே? அவருக்கு ஒரு சைக்கிள் போதும். நல்லதாக ஒன்று.

நம் ஊருக்கு இது புதிய யோசனையே இல்லை. ஹெர்குலிஸோ ராலேயோ, அந்தக் கறுப்பு 28 இஞ்ச் சைக்கிளில் பால் கேன் தொங்கியது, நெல் மூட்டை ஏறியது, மணப்பெண்கூட வந்தாள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டபோது, லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். பிறகு அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. குறுக்கு பாரில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாமே! தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக, பிள்ளையைக் கூட்டிப்போக எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

அந்த சைக்கிளின் குறை, கனமும் கியர் இல்லாததும். ஏற்றத்திலும் எதிர்காற்றிலும் முழங்கால் வலிக்கும். ஆகவே புதிதாக வாங்குகிறவர்கள் கியரைப் பார்ப்பது நியாயம்தான். கியருக்கு முன்னால் டயரைப் பாருங்கள் என்பேன். சைக்கிளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். விரல் தாராளமாக நுழைந்தால் கொஞ்சம் அகலமான டயரும் போடலாம், மழைக்காலத்தில் மட்கார்டும் மாட்டலாம். அடுத்து, பின் சக்கர அச்சுக்குப் பக்கத்தில் கேரியரை முடுக்கத் திருகுத் துளைகள் இருக்கின்றனவா? இல்லையென்றால் அந்த சைக்கிள் வேண்டாம். முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்கைப் பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள். தார்ச்சாலையில் அதற்கு வேலை குறைவு, எடையைத்தான் கூட்டும். அகல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினாலே குலுக்கல் நன்றாக அடங்கும்.

டயர் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. பழைய கறுப்பு சைக்கிளின் டயரிலும் 28 என்று இருக்கும், ஹைப்ரிட் டயரிலும் பல சமயம் 28 என்றே அச்சடித்திருக்கும். பழையது ரிம்மில் உட்காரும் விட்டம் 635 மி.மீ., ஹைப்ரிட்டுக்கு 622. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குப் பொருந்தாது. பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த மூன்று இலக்க எண்ணைப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

"தூரம் போக ரோடு பைக் வேண்டாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிரெவே என்பது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம். 200 கி.மீ. பிரெவேக்குத் தரப்படும் நேரம் 13½ மணி. மணிக்கு 15 கி.மீ.கூட வரவில்லை. பழகிய காலுக்கு, மட்கார்டும் மணியும் உள்ள சைக்கிளிலேயே அது முடியும். பந்தயத்தில் ஓடுகிறவர்கள், பாறைமேல் குதித்து இறங்குகிறவர்கள் வழி வேறு. அவர்களுக்கு அதற்கென்று செய்த வண்டிதான் சரி.

தினமும் ஒரே சைக்கிளை ஓட்டுகிறவருக்கு அதன் சத்தம் அத்துப்படி. செயின் காய்ந்ததும், ஸ்போக் தளர்ந்ததும் கடைக்காரர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிடும். எப்போதாவது தொடுகிற வண்டியில் அந்தப் பழக்கம் வராது.

உங்களில் பலர் வீட்டில் அப்பா காலத்து சைக்கிள் ஒன்று சுவரோரம் நிற்கும். புதிது வாங்கும் முன் அதை ஒருமுறை ஓவர்ஹாலுக்கு விட்டுப் பாருங்கள். டயர், ட்யூப், பிரேக் கட்டை எல்லாம் இன்னும் கிடைக்கின்றன. என்ன மாற்றினீர்கள், அதில் எங்கே போனீர்கள், என்னவெல்லாம் ஏற்றினீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். படத்தோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்