புரட்டிப்போடும் கைக்குக் கூலி எங்கே?

ஆகஸ்டு 15 வந்தால் மேடை போடுகிறார்கள். போர்வீரன் நாட்டின் காவல் தெய்வம் என்று முழங்குகிறார்கள். அந்தத் தெய்வம் முதுகுத்தண்டு ஒடிந்து வீடு திரும்பினால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைப் புரட்டிப்போடுவது யார்? படுக்கைப்புண் கழுவுவது யார்? மேடையில் இருப்பவர்களா? ஒரு பெண்பிள்ளை. அவளுக்கு என்ன கூலி என்று எந்த மேடையிலாவது பேசிக் கேட்டிருக்கிறோமா?

புனேயில் பிழைக்க வந்த நமக்கு இது தூரத்துச் சேதி அல்ல. 1917 இல் தொடங்கிய ஊனமுற்ற வீரர்களுக்கான தொழிற்பயிற்சி நிலையம் கட்கியில் இருக்கிறது. 1944 முதல் இந்த ஊரில் செயற்கைக் கால் செய்து தருகிறார்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு 1974 முதல் மறுவாழ்வு மையம். நல்ல இடங்கள்தாம், குறை சொல்ல வரவில்லை. ஆனால் மையத்தில் படுக்கை கிடைப்பது சிலருக்கு. மற்றவர்களுக்கு வீடுதான் மையம், மனைவிதான் நர்சு, மகள்தான் ஆயா.

நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கணவர் சிப்பாயாக இருந்தவர். பணிக்குப் போன லாரி கவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. அந்த அம்மாள் இரண்டு வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தார், இரண்டையும் விட்டார். மூத்த மகள் பத்தாவதோடு நின்றாள். ஊரில் இருந்த அரை ஏக்கர் போயிற்று. மூத்திரக் குழாய், பஞ்சு, களிம்பு, ஆட்டோ என்று மாதாமாதம் செலவு. முன்னாள் வீரர் மருத்துவத் திட்டம் 2003 முதல் இருக்கிறதே என்பார்கள். டாக்டரும் மருந்தும் உண்டு, மறுக்கவில்லை. இரவு கண் விழிப்பவளுக்கு அதில் என்ன இருக்கிறது?

போர்க்காயம் என்றால் ஒரு கணக்கு, லாரி கவிழ்ந்தால் அதைவிடக் குறைந்த கணக்கு. முதுகுத்தண்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. புரட்டிப்போடும் கைக்கும் தெரியாது.

அரசு ஒன்றும் தரவில்லை என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். 'நிலையான உதவியாளர் படி' என்று ஒன்று உண்டு. ஊனம் 100 சதம் என்று மருத்துவக் குழு எழுதி, உதவியாளர் தேவை என்றும் எழுதினால் கிடைக்கும். 2017 ஜூலையில் அதை மாதம் 6,750 ரூபாய் ஆக்கினார்கள். அகவிலைப்படி 50 சதம் ஏறினால் இது 25 சதம் கூடும் என்பது விதி. அப்படிக் கூட்டினாலும் 8,437 ரூபாய் சொச்சம். பகலும் இரவுமாக 30 நாளுக்கு வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 12 ரூபாயை எட்டாது. ஒரு டீக்கும் காணாது! ஊனம் 80 சதம் என்று எழுதப்பட்டவரின் மனைவிக்கு அதுவும் இல்லை. மிச்சம் இருபது சதத்தில் அவர் எழுந்து சமைத்துச் சாப்பிடுவார் போலும்.

"மனைவி கணவனைப் பார்த்துக்கொள்வதற்குக் கூலியா? அது கடமை அல்லவா, பாசம் அல்லவா?" என்று கேட்பார்கள். நம் ஆண் தோழர்களிலும் சிலர் கேட்பார்கள். பிரிட்டனிலும் கேட்டார்கள். 1976 இல் நோயாளியைப் பராமரிப்பவருக்கு அங்கே உதவித்தொகை வந்தது. கணவனோடு வாழும் மனைவிக்கு மட்டும் கிடையாது. எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்றார்கள். ஒரு பெண் வழக்குப் போட்டார். 1986 இல் அந்த விதி சரிந்தது. அமெரிக்காவில் 2010 இல் சட்டம் போட்டு, காயமடைந்த வீரரைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கே மாதத்தொகை கொடுக்கத் தொடங்கினார்கள். இங்கேயும் 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் பராமரிப்பாளர் படி என்ற சொல் ஏறியிருக்கிறது. கூடவே 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்று ஒரு பூட்டும் போட்டிருக்கிறார்கள்.

வழக்குப் போட மட்டும் வசதிக்குக் குறைவில்லை. 1994 இல் வலிப்பு நோயால் வெளியேற்றப்பட்ட சிப்பாய் தரம்வீர் சிங், அந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்ற தீர்ப்பை உச்சநீதிமன்றத்தில் பெற்றது 2013 இல். பத்தொன்பது ஆண்டு! அத்தனை ஆண்டும் ஒரு குடும்பம் எதைத் தின்று வாழ்வது?

இன்னொன்று, வேலை தேடும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவனிக்க வேண்டியது. 2022 இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நாலாண்டுச் சேவை. பணியில் 100 சதம் ஊனமானால் 44 லட்சம், மீதிக் காலச் சம்பளம், சேவை நிதி. ஆயுள் ஓய்வூதியம் இல்லை. 44 லட்சம் பெரிய தொகையாகத் தெரியும். இருபது வயதுப் பையன் இன்னும் நாற்பது வருடம் படுக்கையில் இருந்தால் மாதத்துக்கு 9,166 ரூபாய். தாய் கிழவியான பிறகு அவனைத் தூக்குவது யார்?

கணவர் கண்ணை மூடினால் உதவியாளர் படியும் கூடவே போகும். சாவு அந்தக் காயத்தால்தான் என்று ஏற்கப்படாவிட்டால் அவளுக்கு மிஞ்சுவது சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், கடைசிச் சம்பளத்தில் 30 சதம். இருபது வருடம் செய்த வேலைக்கு ஒரு வரிச் சான்றுகூட அவள் கையில் இராது.

இராணுவத்தை இழிவுபடுத்துகிறோம் என்று எவராவது கிளம்புவார்கள். அவர்கள் ஒரே ஒரு இரவு வந்து புரட்டிப்போடட்டும், பிறகு பேசலாம்.

2025 இல் எட்டாவது ஊதியக் குழு அமைக்கப்பட்டது. நாம் கேட்பது இது: படி பராமரிப்பவர் பெயரிலேயே, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் வரவேண்டும். 100 சதம் என்ற வேலி போகவேண்டும். அவர் இறந்த பின்னும் அவளுக்கு அது ஓய்வூதியமாகத் தொடரவேண்டும். அக்னிவீரருக்கும் இதே நீதி.

மனு தயாராகிறது. இப்படி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கும் தாய்மார்கள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் சங்கத்துக்கு வரலாம். வெளியேற்றச் சான்று, மருத்துவக் குழுவின் தாள், ஒரு மாத மருந்துச் சீட்டுகள் மூன்றையும் எடுத்து வாருங்கள். வர முடியாதவர்கள் வீட்டைச் சொல்லி அனுப்புங்கள், நாங்கள் வருகிறோம்.