“லட்ச ரூபா போட்டு வாங்கினே… பழசு மாதிரி கீதே பாப்பா?” - திருத்தணி வீட்டுக்கு வந்த பிசினஸ் லேப்டாப்

அட்டைப்பெட்டியைப் பிரித்து லேப்டாப்பை மேஜை மேல் வைத்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

அவர் கேட்டதிலும் தப்பில்லை. கறுப்பாக ஒரு பெட்டி. பளபளப்பு கிடையாது, வளைவு நெளிவு கிடையாது. மூடியின் ஓரத்தில் ‘திங்க்பேட்’ என்ற பெயர், அதில் ஓர் எழுத்தின் புள்ளி மட்டும் சிவப்பு. திறந்தால் கீபோர்டின் நடுவிலும் ஒரு சிவப்புப் புள்ளி. அவ்வளவுதான் அலங்காரம். அதே விலைக்கு ஷோரூமில் வானவில் நிறத்தில் கீபோர்டு மின்னும் லேப்டாப்கள் கிடைக்கின்றன.

மகள் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்: “பாக்கறதுக்கு இல்ல நைனா, வேலை செய்யறதுக்கு.”

பி.காம் முடித்த அந்தப் பெண்ணுக்குத் திருத்தணி வீட்டின் முன்னறைதான் அலுவலகம். மலையடிவாரக் கடைகள், பொதட்டூர்பேட்டை விசைத்தறிக்காரர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில் சில துணி வியாபாரிகள் என்று பலருக்கும் மாதாமாதம் ஜி.எஸ்.டி கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கிறார். பதிவு எண் 33-ல் தொடங்கினால் தமிழ்நாடு, 37-ல் தொடங்கினால் ஆந்திரா. ஒரே நாளில் இரண்டு மாநிலக் கணக்கும் இந்த மேஜையில் முடிகிறது.

இந்தத் தொழிலில் இரண்டு தேதிகள் முக்கியம். மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் 11-ம் தேதிக்குள் விற்பனை விவரத்தையும், 20-ம் தேதிக்குள் வரிக்கணக்கையும் போட்டாக வேண்டும். வரிக்கணக்கு தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவிகித வட்டி. பணத்தைவிடப் பெரிய தலைவலி வேறு இருக்கிறது. விற்றவர் விவரம் ஏற்றவில்லை என்றால், சரக்கு வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு கணக்கில் காட்டாது. “உங்க பில்லு வரலையே” என்று அவர் பணத்தை நிறுத்திவைப்பார். தறிக்காரருக்கு அது நூல் வாங்க வைத்திருந்த பணமாக இருக்கும்.

போன வருடம் அதுதான் நடந்தது. வீட்டு உபயோகத்துக்கென்று வாங்கிய பழைய லேப்டாப்பில் முதலில் கீல் விரிசல் விட்டது. ரப்பர் பேண்டு போட்டு ஓட்டினார். பிறகு ஒரு 10-ம் தேதி சாயங்காலம், கத்திரி வெயில் நாளில், ஆன் ஆகவே இல்லை. தெரிந்தவரின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து விடிய விடிய வேலை பார்த்தும் இரண்டு பேருடைய கணக்கு தவறிப்போனது. அதில் ஒருவர் இப்போது வேறிடத்தில் கணக்குப் பார்க்கிறார்.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் இந்த திங்க்பேட் டி14 ஜென் 5. 2024-ல் அறிமுகமான மாடல். அடுத்த தலைமுறை வந்துவிட்டதால் விலையில் கொஞ்சம் இறங்கிக் கிடைத்தது.

ஏன் இந்தக் கறுப்புப் பெட்டி?

திங்க்பேட் 1992-ல் ஐ.பி.எம் நிறுவனம் கொண்டுவந்த பெயர். வடிவமைத்தவர் ஜெர்மனியில் பிறந்த ரிச்சர்ட் சாப்பர். ஜப்பானியர்களின் சாப்பாட்டுப் பெட்டியை மனதில் வைத்து வரைந்தாராம். மூடியிருக்கும்போது சாதாரணப் பெட்டி, திறந்தால்தான் விஷயம். 2005-ல் ஐ.பி.எம்-மின் கம்ப்யூட்டர் பிரிவை லெனோவா வாங்கியபோது இந்தப் பெயரும் சேர்ந்தே போனது. நிறுவனம் மாறியும் தோற்றம் பெரிதாக மாறவில்லை. ஆக, அப்பா சொன்ன ‘பழசு’ 30 வருடத்துக்கு மேற்பட்ட பழசு!

நடுவிலுள்ள சிவப்புப் புள்ளி அழகுக்கு வைத்ததல்ல. விரலால் லேசாகத் தள்ளினால் திரையில் அம்பு நகரும். தட்டச்சு செய்யும் கையை எடுக்காமலே மவுஸ் வேலை முடிந்துவிடும். முதல் இரண்டு நாள் எரிச்சல்தான். அம்பு எங்கோ ஓடியது. நான்காம் நாள் கை பழகிவிட்டது.

கீபோர்டு பற்றி ஒரு சந்தோஷம், ஒரு வருத்தம். சாவிகள் ஆழமாக, அழுத்தமாக இறங்குகின்றன; நாள் முழுக்க அடித்தாலும் விரல் வலிக்கவில்லை. ஆனால், வலப்பக்கம் தனி எண் பலகை இல்லை. 14 அங்குல உடம்பில் அதற்கு இடமில்லை. கணக்கு எழுதுபவருக்கு இது சின்னக் குறையல்ல. பழைய பெரிய லேப்டாப்பில் கண்ணை மூடிக்கொண்டு எண்களைத் தட்டியவர், இப்போது யு.எஸ்.பி-யில் செருகும் எண் பலகை ஒன்றைத் தனியாக வாங்கிவைத்திருக்கிறார். டி16 என்ற பெரிய மாடலில் அது சேர்ந்தே வரும். ஆனால், மாதம் இரண்டு முறை ஆடிட்டரைப் பார்க்க மின்சார ரயிலில் சென்னைக்குத் தோளில் சுமந்து போகிறவருக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ பெட்டியே போதும்.

அந்த ரயிலில்தான் இன்னொன்று புரிந்தது. ஜன்னலோர வெயிலிலும் திரையில் தன் முகம் தெரியவில்லை. பூச்சு மங்கலானது, கண்ணாடி மாதிரி பிரதிபலிக்காது. இதற்கும் ஒரு விலை உண்டு. விலை குறைந்த வகைத் திரையில் நிறங்கள் கொஞ்சம் வெளிறித்தான் தெரிகின்றன. கல்யாண ஆல்பம் பார்க்கவும், வீடியோ எடிட் செய்யவும் ஆசைப்படுகிறவர்கள் இந்த வகையை எடுத்தால் ஏமாந்துபோவார்கள்.

திருத்தணி வெயிலுக்குத் தாங்குமா?

கோடையில் வானிலை அறிக்கை வந்தால் அதிக வெப்பம் பதிவான ஊர்களில் திருத்தணி பெயர் அடிக்கடி அடிபடும். மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸ் இங்கே சாதாரணம். இந்த லேப்டாப்பின் விவரக் குறிப்போ, இயங்குவதற்கு ஏற்ற சுற்றுப்புற வெப்பம் 5 முதல் 35 டிகிரி என்கிறது. பெரும்பாலான லேப்டாப்களுக்கும் இதே வரம்புதான்.

ராணுவத் தரச் சோதனைகளில் தேறியது என்று விளம்பரத்தில் வருமே, அது பொய்யல்ல. வெப்பம், தூசு, அதிர்வு என்று பல சோதனைகள் நடத்துகிறார்கள். அதற்காக மொட்டைமாடி அறையில், மெத்தை மேல் வைத்து நாள் முழுக்க ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. காற்றை இழுக்கும் துளைகள் அடிப்பக்கம் இருக்கின்றன. அவை அடைபட்டால் விசிறி சத்தம் போடும், வேகம் குறையும். மதியம் இரண்டு மணிக்கு அந்த முன்னறையில் விசிறிச் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. அடியில் சின்ன ஸ்டாண்டு வைத்த பிறகு குறைந்திருக்கிறது.

பேட்டரிக்கும் வெயில் ஆகாது. அதிலும் நூறு சதவிகிதம் சார்ஜ் ஏறி, வயரிலேயே கிடக்கும் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். 80 சதவிகிதத்தோடு சார்ஜை நிறுத்தும்படி இதில் அமைத்துக்கொள்ளலாம். வாங்கிய முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. பலர் செய்வதில்லை.

திறந்து பார்க்கலாம்

பணம் எங்கே போயிருக்கிறது என்பது அடி மூடியைக் கழற்றினால் தெரியும். இப்போது வரும் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டோடு ஒட்டியே வருகிறது. பின்னால் கூட்ட முடியாது. இதில் இரண்டு ரேம் ஸ்லாட்டுகள் இருக்கின்றன. இன்று 16 ஜிபி போதுமென்றால் வாங்கிவிட்டு, நாளை கூட்டிக்கொள்ளலாம். பேட்டரியையும் ஸ்க்ரூ கழற்றி மாற்றலாம். எவ்வளவு சுலபமாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் போடும் ‘ஐஃபிக்ஸிட்’, இந்த மாடலுக்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்தது. சின்ன ஊரில் இருப்பவருக்கு எந்த பிராசஸர் என்பதைவிட இந்த எண்தான் பெரிசு.

அதோடு, வாரன்டியில் ‘ஆன்சைட்’ என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், தேவைப்படும்போது இன்ஜினீயர் வீட்டுக்கே வருவார். ஆனால், எல்லா பின்கோடுக்கும் அந்தச் சேவை உண்டு என்று நம்பிவிடக் கூடாது. அவர் திருத்தணியின் 631209-ஐச் சொல்லி, வருவார்கள் என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கட்டினார்.

லட்ச ரூபாய்க்கு எங்கே போவது என்பவர்களுக்கு, கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் இதே ரகம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கும். இரண்டு விஷயங்களைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது, அதனால் விண்டோஸ் 11 ஏற்கும் இயந்திரமா என்பது ஒன்று. பழைய கம்பெனி போட்ட பயாஸ் பாஸ்வேர்டு நீக்கப்பட்டிருக்கிறதா என்பது இன்னொன்று. அது அப்படியே இருந்தால் பின்னால் அவஸ்தைதான்.

அப்பா பல வருடம் தறி ஓட்டியவர். இரண்டு நாள் எட்ட நின்றே பார்த்தவர், மூன்றாம் நாள் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்து முழுசாகப் பின்னால் சாய்த்தார். மேஜையோடு மேஜையாகப் படுத்தது, ஆடவில்லை.

“கீலு நல்லா போட்டுக்கிறான்” என்றார்.

11-ம் தேதி வேலை சிக்கலில்லாமல் முடிந்தது. 20-க்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நகரிக்காரரின் பில் கட்டு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.