நாற்பதாயிரம் எதற்கு?

2023 ஜூலை 26. கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், பச்சையாக நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன் இயந்திரங்கள் இறங்கின. என்.எல்.சி. சுரங்க விரிவாக்கத்துக்காகக் கால்வாய் வெட்டும் வேலை. பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது நிறுவனம். இழப்பீடு போதாது, வேலையும் கிடைக்கவில்லை என்றார்கள் விவசாயிகள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரும்படி உத்தரவு வந்தது.

இதே செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றும்போது ‘பயிருக்கு’ என்ற ஒரு சொல் உதிர்ந்துவிட்டால்? நிலத்தின் விலையே ஏக்கர் 40,000 என்றாகிவிடும். எண் சரி, செய்தி தப்பு. இதை நம்பி ஒருவர் பேரம் பேசப் போனால் நஷ்டம் யாருக்கு?

மகளிர் குழுவோ, நூலக வாசகர் வட்டமோ, சேர்ந்து படிக்கும் எந்தக் குழுவிலும் “பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கத் தெரியுமா?” என்று கேட்டால் எல்லாக் கையும் உயரும். அந்தக் கணக்கு உதவாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. சைக்கிள் தெரியுமா என்று வாயால் கேட்டால் போதாது. ஓட்டிக் காட்ட வேண்டும். தகவலும் அப்படித்தான்.

ஓட்டிப் பார்க்க மூன்று பயிற்சிகள்:

1. வயலில் இயந்திரம் நிற்கும் ஒரு படத்தைக் குழுவில் காட்டலாம். எந்த ஊர், எந்த வருடம், முதலில் வெளியிட்டது யார் என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?

2. ‘ஏக்கருக்கு 40,000’ என்று மட்டும் எழுதிக் கொடுக்கலாம். எதற்கு, யார் உத்தரவு, எந்தத் தேதி என்று தேடி நிரப்புகிறார்களா?

3. ஒவ்வொருவரும் தங்கள் நிலத்தின் பட்டா விவரத்தை வருவாய்த் துறை இணையதளத்தில் எடுக்க வேண்டும். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கையில் இருக்கட்டும். வீட்டில் இருக்கும் காகிதத்தோடு அது ஒத்துப்போகிறதா?

மதிப்பெண் விடைக்கு மட்டும் அல்ல, போன வழிக்கும் உண்டு. “பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார்” என்று சரியான விடை சொன்னவரைவிட, “இன்னும் உறுதியாகத் தெரியவில்லை, தாலுகா ஆபீஸில் கேட்கணும்” என்றவருக்குக் கூடுதலாகப் போடலாம். பதில் கிடைக்காத கேள்விக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனமான என்.எல்.சி.யிடமும் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும்.

இந்தப் பயிற்சியில் ஸ்மார்ட்போனை வேகமாகத் தள்ளும் பேரன் பின்தங்கலாம். போனே இல்லாத பாட்டி முந்தலாம். சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்காமல் வாங்காதவர் அவர். செய்தியையும் அப்படித் திருப்பிப் பார்க்கப் பேரன் அவரிடம் கற்றுக்கொள்ளட்டும். தேடும் பொத்தானைப் பாட்டிக்கு அவன் காட்டட்டும். ஒரு மாதம் கழித்து அதே குழுவுக்கு வேறு மூன்று செய்திகளைக் கொடுத்துப் பார்த்தால், யார் எவ்வளவு முன்னேறினார்கள் என்பது தெரிந்துவிடும்.