கணக்குக் கேட்டல் நன்றிகேடாமோ?

சமயப்பணி செய்வாரைக் கணக்குக் கேட்டல் நன்றிகேடாகும் என்பது இக்காலத்துக் கிறித்தவ ஊழியருட் சிலர் நாட்டிவரும் ஒரு புதுக் கொள்கை. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் எனத் தென்சென்னைப் புகைவண்டிப் பாதையை ஒட்டிப் பெருகிய ஊர்களில், பழைய மிஷன் சபைகளைச் சாராது தனித்தனியே எழுந்த செபக்கூடங்கள் பல உள. அவற்றுட் சிலவற்றில் ஊழியரே தலைவர், ஊழியரே பொருளாளர், அவர்தம் மனைவி மக்களே நிருவாகிகள். காணிக்கையும் தசமபாகமும் முன்போல் பையில் விழுவதோடு அமையாது, கைப்பேசி வழியே ஒரு நொடியில் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிற் சென்று சேர்வதும் உண்டு. அங்ஙனம் சேர்ந்ததன் வரவு யாது, செலவு யாது எனச் சபையாருள் ஒருவர் வினவுவாராயின், அவருக்காக இரவும் பகலும் மன்றாடியவர்க்கு அவர் செய்யுங் கைம்மாறு இதுதானோ என்னும் எதிர்வினாவே விடையாக வருகின்றது. வினவியவர் நாணித் தலைகவிழ்கின்றார். கணக்கு மூடியபடியே கிடக்கின்றது.

கிறித்தவ சமயக் கோட்பாடுகள் பொருந்துமா பொருந்தாவா என்பது ஈண்டு ஆராய்ச்சியன்று. அதனைச் சைவ நூலோர் வேண்டுமளவு பிறாண்டு ஆராய்ந்துளர். ஈண்டு எடுத்துக்கொண்டது ஒழுக்கம் பற்றிய வழக்கொன்றே. அதற்கு அச்சமயத்தார் போற்றும் நூலும், அச்சமயத்துச் சான்றோர் நடந்து காட்டிய நெறியுமே போதிய சான்றாகும்.

ஊழியர் தம் உலக வாழ்வைத் துறந்து வந்தவர். ஆதலின் அவர் கொடுத்தவரே யன்றிப் பெற்றவரல்லர். கொடுத்தவரைக் கணக்குக் கேட்டல் தகாது என்பர். இது சொல்லளவில் இனிதாயினும் பொருளளவில் நில்லாது. அவர் கொடுத்தது உபதேசம். கணக்குக் கேட்கப்படுவது பணம். உபதேசத்திற்குக் கணக்கு எவரும் கேட்டிலர். ஒருவர் செய்த ஒரு நன்மையைக் காட்டி, அதனோடு தொடர்பில்லாத மற்றொன்றை மறைத்தல் எந்த நீதிமன்றத்திலும் ஏலாது.

இனி, காணிக்கை கடவுட்கு இடப்பட்டது. ஆதலின் மக்களுக்குக் கணக்கில்லை என்பர். இதற்கு அவர்தம் விவிலியமே மறுப்பாகும். ஏசுநாதரைச் சூழ்ந்திருந்த பன்னிருவருட் பணப்பையைச் சுமந்தவன் யூதாசு. அப்பையிலிருந்து அவன் திருடினான் என்று யோவான் சுவிசேஷம் ஒளியாது கூறுகின்றது. குருவின் அணுக்கராய், அவரோடு உண்டும் உறங்கியும் வந்தவன் கையிலேயே பை பழுதுபட்டதாயின், இருபது நூற்றாண்டுகட்குப் பின் வாடகைக் கூடமொன்றிற் பிரசங்கிப்பவர் கையில் அது பழுதுபடாது என்பதற்கு யாது பிணை? பவுல் என்பார் இதனை நன்கறிந்தவர். ஊழியர்க்குச் சபையார் ஊணுடை அளித்தல் கடன் என்று அவரே ஒப்பினார். ஒப்பியும் கொரிந்து நகரில் கூடாரத்தொழில் செய்து தம் கையுழைப்பால் உண்டார். எருசலேமிலுள்ள வறியார்க்கென அயல்நாட்டுச் சபைகள் தொகுத்த பொருளைத் தாமே தனித்துக் கொண்டுசெல்லவும் ஒருப்பட்டிலர். எவரும் ஐயுறாவண்ணம் சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களை உடன் சேர்த்துக்கொண்டார். கேட்குமுன்னரே கணக்கிற்கு வழிசெய்தவர் பவுல். அவர் பெயரால் நாடோறும் பேசுவார்க்குக் கேட்டபின்னும் வாய் திறவாமை அழகாமோ?

தமிழ்நாட்டுச் சான்றொன்று இதனினும் விளக்கமாகும். தஞ்சையில் வாழ்ந்து 1798இல் மறைந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியார், 1779இல் சென்னை அரசினர் வேண்டுகோளின்படி ஹைதர் அலியைக் காணச் சீரங்கப்பட்டணம் சென்றார். மீளுங்கால் ஹைதர் வழிச்செலவுக்கென முந்நூறு ரூபாய் கொண்ட ஒரு பையை அளித்தார். தூதர்க்கு அளித்த பரிசு தூதர்க்கே உரியது என்று கொள்ளின் அந்நாளில் எவரும் குறை கூறியிரார். பாதிரியாரோ அதனைச் சென்னை அரசினர்பால் ஒப்புவிக்க முயன்றார். அவர் அதனை வைத்துக்கொள்ளுமாறு கூறவே, தஞ்சைப் பிள்ளைகளின் பள்ளிக்கூட நிதிக்கு அதனை முதலாக்கினார். பின்னர்ப் போரும் பஞ்சமும் தஞ்சையை வருத்தியபோது, அரசாங்கத்தாரை நம்பி நெல் கொடுக்க அஞ்சிய குடிகள் இவர் சொல்லை நம்பிக் கொடுத்தனர். இவரும் ஒவ்வொருவர்க்கும் உரிய விலையைக் கையிற் கொடுத்துத் தீர்த்தார். நம்பிக்கை என்பது கணக்குத் தீர்த்த கையைப் பின்தொடர்ந்து வருவதன்றிக் கண்ணீர்ப் பிரசங்கத்தைப் பின்தொடர்வதன்று.

அவர்க்குக் கிடைத்த நன்றி எத்தகையது? அவர் காத்து வளர்த்த சரபோசி மன்னர், அவர் நினைவுக்கெனப் பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு சலவைக்கற் சிற்பம் சமைப்பித்துத் தஞ்சைக் கோட்டையிலுள்ள கிறித்தவக் கோயிலில் நாட்டினார். அம்மன்னரே 1803இல் பெருவுடையார் திருக்கோயிற் சுவரில் தம் குலவரலாற்றைக் கல்லிற் பொறிப்பித்தவர். இறுதிவரை தம் முன்னோர் சமயத்திலேயே நின்றவர். நன்றியறிதற்கு மதம் மாறுதல் விலையன்று என்பதும், கேளாமலே வருவதுதான் நன்றி என்பதும் இதனால் அறியப்படும்.

அற்றேல், இத்தகைய நெறியினின்று இப்பணி வழுவியது எக்காரணத்தால்? இதற்கு விடை தாம்பரத்திலேயே உள்ளது. 1937இல் கிறித்தவக் கல்லூரி சென்னை நகரை விட்டுத் தாம்பரத்துக் காட்டுவெளிக்குக் குடிபெயர்ந்தது. மறுவருடம் டிசம்பரில் அக்கல்லூரி வளாகத்தில் சர்வதேச மிஷனரிச் சங்கத்தின் பேரவை கூடிற்று. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளினின்று ஏறக்குறைய 470 பிரதிநிதிகள் வந்தனர். அதன் நடவடிக்கைகள் 1939இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றுள் ஐந்தாந் தொகுதி முழுவதும் திருச்சபையின் பொருளாதார அடிப்படையைப் பற்றியது. மெர்ல் டேவிஸ் என்பார் முன்னின்று நடத்திய ஆராய்ச்சியின் சாரம் இது: மேனாட்டுச் செல்வர் சபைகளின் அளவுக்குத் தைத்த சட்டை ஆசிய ஆப்பிரிக்க ஏழைச் சபைகட்கு அணிவிக்கப்பட்டது, சம்பள ஊழியர், கட்டடம், நிறுவனம் ஆகிய இவற்றை உள்ளூரார் வருவாய் தாங்காது, ஆகவே அயல்நாட்டுப் பணமின்றி அவை நில்லா. அவ்வாண்டிலேயே சக்கரைச் செட்டியார், செஞ்சையா முதலிய இந்தியக் கிறித்தவ அறிஞர் சேர்ந்து வெளியிட்ட நூலும், இரவல் வாங்கிய சபையமைப்பைக் கடிந்துரைத்தது.

பணம் கடல் கடந்து வந்தமையின் கணக்கும் கடல் கடந்தே சென்றது. கொடுத்தவர் இலண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்து அறிக்கை கேட்டனர். பெற்ற தாம்பரத்தாரும் திருநெல்வேலியாரும் கேட்கப்பட்டது நன்றி ஒன்றே. தலைமுறை சில கழியவே, கணக்கு என்பது துரைமார்க்கு உரியது, நன்றி என்பது சபையார்க்கு உரியது என்னும் பிரிவினை ஊறிவிட்டது. நோயின் வேர் இதுவே என்க.

இதனை முன்னரே கண்டவர் வெள்ளாளன்விளையிற் பிறந்து, அக்கிறித்தவக் கல்லூரியிற் பயின்ற அசரியா என்பார். 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கத்தையும், 1905இல் தேசிய மிஷனரிச் சங்கத்தையும் ஏனையோருடன் கூடி நிறுவி, இந்தியர் பொருளைக் கொண்டே இந்தியர் பணி செய்தல் வேண்டும் என்று விதித்தார். உலை வைக்குமுன் பெண்டிர் எடுத்துவைக்கும் பிடியரிசியே அத்தகைய பணிக்கு முதலாயிற்று. ஒரு பிடி அரிசி இட்டவள் அது சென்ற வழியைக் கேட்கும் உரிமையுடையவள். அவ்வுரிமைக்கு அஞ்சுபவர் அவ்வரிசியை உண்ணுதற்கு உரியரல்லர்.

இன்று அயல்நாட்டுப் பணத்திற்கு 2010ஆம் ஆண்டின் சட்டமும், அதன் 2020ஆம் ஆண்டுத் திருத்தமும் கடிவாளமிட்டுள்ளன. அப்பணம் முதற்கண் புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளையொன்றிலேயே வந்து சேரவேண்டும். நிருவாகச் செலவு நூற்றுக்கு இருபதை விஞ்சலாகாது. ஆண்டறிக்கை அரசுக்குச் செல்லவேண்டும். அச்சட்டம் நடத்தப்படும் முறை நேரிதோ என்பது வேறு வழக்கு. அமெரிக்கர் இட்ட காசிற்கு அரசு கணக்குக் கேட்கின்றது. சேலையூரில் வீட்டுவேலை செய்யும் ஒருத்தி தன் கூலியிற் பத்தில் ஒன்றை எடுத்து இடுவாளாயின் அக்காசைக் கேட்பார் யார்? அவள் கேட்டால் நன்றி கொன்றவள்!

'மாணிக்கவாசகர் பாண்டியன் குதிரைக்கென அளித்த பொன்னைக் கேளாது திருப்பெருந்துறைக் கோயிற்குச் செலவிட்டனரே. அவரைத் தொழும் சைவர் ஊழியரைக் கடிவது எங்ஙனம்?' என வினவுவாரும் உளர். நன்று வினவினர். அடிகள் அப்பொன்னாற் தமக்கென ஒரு மனை எடுத்திலர். செலவு ஊரறியக் கோயிலாய் நின்றது. அரசன் கணக்குக் கேட்டான். அடிகள் அவனை நன்றிகெட்டவன் என்றிலர். வையைச் சுடுமணலில் வாய் திறவாது நின்றார். வையை பெருகியது அரசன் கேட்டமை பற்றியன்று, ஒறுத்தமை பற்றியே. இவ்வூழியருள் ஒருவரேனும் சுடுமணலில் ஒரு நாழிகை நிற்க இசைவரேல், அவ்வொப்புமையை அப்பொழுது ஆராயலாம்.

சைவருள்ளும் கோயிற் பொருளை விழுங்கினார் இலரோ எனின், உளர். அதனாலன்றே 1927ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் வந்தது. அவர்க்கும் இக்கண்டனம் ஒக்கும். ஆயினும் சைவத் திருக்கோயிலில் நிலம் கொள்வதும் விற்பதும் சண்டேசுர நாயனார் பெயரால் நிகழ்ந்தமை சோழர் கல்வெட்டுகளிற் காணப்படும். சிவன் பொருளில் யாதும் கொண்டேகவில்லை என அவர் திருமுன் கைதட்டிக் காட்டுவதே இன்றும் வழக்கு என்பர். அடியார் அனைவரும், குருக்களும் கூட, வெறுங்கை காட்டிச் செல்ல வேண்டிய சந்நிதி அது. அங்கே எவரும் அவமதிப்புற்றதாக நினைத்ததில்லை.

நன்றியின் பெயரால் வாய் அடைக்காத கிறித்தவ நிலையமும் இருந்ததுண்டு. மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்து அதன் ஊதியம் பெற்றார். பெற்றுக்கொண்டே சைவம் பேசினார், எழுதினார். பின்னர்ப் பல்லாவரம் சென்று துறவு பூண்டார். அக்கல்லூரித் தலைவராய் 1907 வரை விளங்கிய மில்லர் துரை தம் சொந்தப் பொருளையே கல்லூரிக்குச் சொரிந்தவர்; அவர் உயிரோடிருக்கும்போதே 1901இல் மாணாக்கர் அவர்க்குச் சிலை நாட்டினர். அம்மாணாக்கருட் பெரும்பாலார் இந்துக்கள்.

அவர் அதனைக் கேட்டுப் பெற்றாரல்லர். கேட்டுப் பெறுவது வரி எனப்படும்; வரி வாங்குவோர்க்குச் சீட்டுக் கொடுத்தல் கடன். ஆதலின் தாம்பரத்துக் கூடங்களில் நன்றியை வற்புறுத்திக் கேட்கும் ஊழியர், கேட்பதை நிறுத்துக. அல்லது சென்ற ஆண்டின் வரவு செலவைத் தணிக்கையாளர் கையொப்பத்தோடு கூடத்து வாயிலில் ஒட்டுக.