கல்யாணப் பொண்ணும் நாலு இன்ச் ஹீல்ஸும்

தை பொறந்தாச்சுன்னா கல்யாண சீசன். பட்டுப்புடவைக்குக் காஞ்சிபுரம் வரைக்கும் போவாங்க. ஜாக்கெட்டுக்கு ஆரி வேலைன்னு ரெண்டு மாசம் முன்னாடியே கொடுத்து வைப்பாங்க. ஆனா பொண்ணு காலுக்கு என்ன போடறதுங்கற கேள்விக்கு மட்டும் கடைசி வாரத்துல, வளையல் வாங்கிட்டுத் திரும்புற வழியில, கால் மணி நேரத்துல பதில் கண்டுபிடிச்சுடுவாங்க. அந்தப் பதிலும் பொண்ணோட காலைப் பார்த்து வர்றதில்லை, மாப்பிள்ளையோட உயரத்தைப் பார்த்து வருது. என் கடுப்பெல்லாம் அதுல தாங்க. கொஞ்சம் காட்டமாவே எழுதப் போறேன், ஹீல்ஸ் பிரியர்கள் கோவிச்சுக்காதீங்க :-)

யோசிச்சுப் பாருங்க, நம்மூர் கல்யாணச் சடங்குல செருப்புக்கு வேலையே கிடையாது. அம்மி மிதிக்கறது, மெட்டி போடறது, அக்கினியைச் சுத்தி வர்றது எல்லாமே வெறுங்கால்ல தான். எனக்குத் தெரிஞ்சு செருப்புக்கு மரியாதை இருக்கற ஒரே இடம், பிராமணக் கல்யாணத்துல வர்ற காசி யாத்திரை. குடை, தடி, விசிறி, புதுச்செருப்பு சகிதமா மாப்பிள்ளை கிளம்புவார், பொண்ணோட அப்பா போய் சமாதானம் பேசித் திருப்பிக் கூட்டிட்டு வருவார். அதாவது, ஓடிப்போறவருக்குத்தான் செருப்பு!

ஆக, இந்த ஹீல்ஸ் சமாச்சாரம் பூராவும் ரிசப்ஷனுக்காக மட்டும். சாயங்காலம் ஆறரைக்கு மேடை ஏறினா இறங்க பத்து, பத்தரை ஆயிடும். பின்னாடி ராஜா ராணி சேர் ரெண்டு போட்டிருப்பாங்க, உட்காரத்தான் விட மாட்டாங்க. நாலு மணி நேரம் நின்னாலே யாருக்கும் பாதம் வீங்கும். அதுல நாலு இன்ச் ஹீல்ஸ்னா உடம்போட பாரம் குதிகாலை விட்டுட்டு முன்பாதத்துக்கும் விரலுக்கும் வந்துடும். முனை கூரா இருந்தா விரல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு நசுங்கும். புதுச்செருப்பு கடிக்கும்னு சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும், ஆனா கல்யாணத்தன்னைக்குத்தான் அதை முதல் தடவையா பெட்டியிலிருந்து எடுப்போம்.

என் சித்தி பொண்ணு கல்யாணத்துல கண்ணாலயே பார்த்தேன். மாப்பிள்ளை ஆறடி, இவ அஞ்சடி ஒண்ணு. கடையிலேயே அவரோட அத்தை, "பொண்ணு தோளுக்குக் கூட வரலையேம்மா, ஃபோட்டோல நல்லாவா இருக்கும்?"னு கேட்டாங்க. சித்தி உடனே, "ஒரு நாள்தானடி, பொறுத்துக்கோ"ன்னுட்டாங்க. முந்தின நாள் ராத்திரி ரிசப்ஷன். அறைக்கு வந்து ஸ்ட்ராப்பை அவுத்தா ரெண்டு குதிகால்லயும் தோல் உரிஞ்சு, சுண்டுவிரல்ல கொப்புளம். காலையில நாலரை டு ஆறு முகூர்த்தம். அந்தக் காலோட அம்மி மிதிச்சா, அக்கினியைச் சுத்தி வந்தா. மெட்டி போடறப்போ வீங்கின விரல்ல அது ஏற மாட்டேங்குது, பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. கண்ணுல தண்ணி. பார்த்த சொந்தக்காரங்க, "பொறந்த வீட்டை விட்டுப் போற துக்கம்"னு உச்சு கொட்டினாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு...

"ஏன், நடுவுல கழட்டி வெச்சுக்க வேண்டியதுதானே?"ன்னு ஆம்பளைங்க கேப்பீங்க. முடியாது சாமி. புடவை கட்டி விடறவங்க ஹீல்ஸ் போட்டபடி நிக்க வெச்சுத்தான் கொசுவத்தோட நீளத்தை எடுப்பாங்க. லெஹங்கான்னா அந்த உயரத்துக்கே தெச்சுடுவாங்க. கழட்டினா நாலு இன்ச் துணி தரையில புரளும், தடுக்கி விழுவா. ஒரு தடவை ஏறினா ராத்திரி வரைக்கும் அதுல தான் நிக்கணும்.

சரி, பொண்ணு உயரமா இருந்தா தப்பிச்சுடுவாளா? அங்கயும் இதே கதை, தலைகீழா. "தட்டையா பாரும்மா, கொண்டையையும் உசத்த வேணாம்"னு சொல்லுவாங்க. இது நம்மூர் வியாதின்னு நினைச்சுடாதீங்க. 1981 ஜூலை 29, லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயம். டயானா கவுனோட பின்னாடி இழுபட்ட துணி மட்டும் 25 அடி. ஆனா ஷூவுக்குக் குட்டை ஹீல். ஏன்னா சார்லஸும் டயானாவும் ஏறக்குறைய ஒரே உயரம், அஞ்சடி பத்து. அந்தக் கல்யாணத்துக்கு பிரிட்டன் வெளியிட்ட தபால்தலையைப் பாருங்க, இளவரசர் அம்மணியை விட நல்ல உயரமா தெரிவார். ராஜ குடும்பத்துக்கே இந்தக் கவலைன்னா நம்ம அத்தைகளைச் சொல்லிக் குத்தமில்லை. (அந்தக் குட்டை ஹீல் டயானாவுக்கு சௌகரியமா இருந்திருக்கும்ங்கறது வேற விஷயம்.)

இதுல வேடிக்கை என்னன்னா, ஐரோப்பாவுல ஹை ஹீல்ஸ் முதல்ல ஆம்பளைங்க சமாச்சாரம். பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில கால் நழுவாம இருக்கப் போட்டது அது. 17ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ் ராஜா 14ஆம் லூயி சிவப்பு ஹீல்ஸ் போட்டுக்கிட்டு அலைஞ்சார். உயரத்துல ஜோடிப் பொருத்தம் அவ்வளவு முக்கியம்னா குள்ளமான மாப்பிள்ளைக்கு ரெண்டு இன்ச் ஏத்திக் கொடுங்களேன்? கேட்டுப் பாருங்க, "ஆம்பளைக்கு எதுக்கு அதெல்லாம்"பாங்க.

ஃபோட்டோ, ஃபோட்டோன்னு உயிரை விடறீங்களே, அந்த ஆல்பத்துல எத்தனை படத்துல பாதம் தெரியுது? புடவை மூடிடும். உயரம்தான் பிரச்சனைன்னா, மண்டபத்துல மணைக்கா பஞ்சம்? ஜோடிப் படம் எடுக்கற பத்து நிமிஷம் ஒரு மணையைப் போட்டு ஏத்தி நிக்க வைங்க, கேமராக்காரர் இடுப்புக்கு மேல எடுத்துக்குவார். பத்து நிமிஷத்துக்காக நாலு மணி நேரம் எதுக்கு?

பின்குறிப்பு: வாங்கியே ஆகணும்னா சாயங்காலமா கடைக்குப் போங்க, அப்பத்தான் பாதம் அதன் முழு அளவுல இருக்கும். ஊசி ஹீல்ஸ் வேண்டாம். ஒரு இன்ச், ஒன்றரை இன்ச்சுல பட்டையான ஹீல்ஸ் அல்லது வெட்ஜஸ், பின்னாடி ஸ்ட்ராப் வெச்சது போதும். ரிசப்ஷன் தாலி கட்டின அன்னைக்கு சாயங்காலம்னா முன்பக்கம் திறந்ததா பாருங்க, மூடின ஷூவுக்குள்ள புது மெட்டி அடுத்த விரலைக் குத்தும். செருப்பை வாங்கின பிறகு புடவை ஒத்திகை பாருங்க. ரெண்டு வாரம் வீட்டுக்குள்ளயே போட்டுக்கிட்டுக் காபி போடுங்க. ஒரு ஜோடி பழைய ஹவாய் செருப்பை மேடைக்குப் பின்னாடி தோழிகிட்ட கொடுத்து வைங்க, சாப்பாட்டுப் பந்திக்கு நடக்க உதவும்.